படித்ததெல்லாம் எக்ஸாம் ஹாலில் ஏன் காணாமல் போகிறது? இரண்டு அரியரோடு மூன்றாம் செமஸ்டரில் இருக்கும் மாணவிக்கு

உங்கள் கேள்வி சுருக்கமாக இது: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தீர்கள். பிளஸ் டூவில் நல்ல மார்க். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் சிஎஸ்இ கிடைத்தது. வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள்தான். இப்போது மூன்றாம் செமஸ்டர், பைத்தான் புரோகிராமிங்கிலும் எம்2விலும் (இரண்டாம் செமஸ்டர் கணக்குப் பாடம்) அரியர். ராத்திரி ஒரு மணி வரை புத்தகமும் கையுமாக உட்கார்ந்தும் ஹாலில் ஒன்றும் வருவதில்லை. மோட்டிவேஷன் வீடியோ பார்த்தால் அரை நாள் வேகம் இருக்கிறது, அப்புறம் பழைய கதைதான். மனசைப் படிப்பில் நிறுத்துவது எப்படி, டியூஷன் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இன்ஜினியரிங் கல்லூரியில் கணக்கு நடத்துபவன். இதே கேள்வியோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்காத பிள்ளைகள் எந்த பேட்ச்சிலும் இல்லை. எல்லாரும் ஒரே வரிசையில்தான் யோசிக்கிறார்கள்: முதலில் ஆர்வம் வரட்டும், வந்தால் படித்துவிடுவேன். நான் பார்த்தவரையில் இது தலைகீழ். ‘இது எனக்கு வருகிறது’ என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் ஆர்வம் எட்டிப் பார்க்கும். புத்தகத்தைத் திறக்காமல் ஒரு 16 மார்க் கணக்கைப் போட்டு விடை சரியாக வந்த அன்றைக்கு உங்களை யாரும் உசுப்பேற்றவே வேண்டியிருக்காது. வீடியோ தருகிற வேகம் அரை நாளில் வடிவதும் இதனால்தான். அடுத்த நாள் புத்தகத்தைத் திறந்தால் நேற்றுப் புரியாதது இன்றும் புரியாமல் அப்படியே கிடக்கிறது, வேகத்துக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. அதனால் மனசு விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் எப்படிப் படிக்கிறீர்கள் என்று பார்ப்போம்.

பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை கல்லூரியில் ஏன் தடுமாறுகிறது என்று கேட்டால் ‘அங்கே மனப்பாடம், இங்கே புரிதல்’ என்று எல்லாரும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அது பாதிதான் சரி. பிளஸ் டூவில் உங்கள் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸில் ஸ்லிப் டெஸ்ட். தப்பாக எழுதினால் மறுபடி எழுதச் சொல்வார்கள். பிறகு மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல். ஒரே ‘புக் பேக்’ கேள்வியைப் பொதுத்தேர்வுக்கு முன்னால் எத்தனை முறை புத்தகம் இல்லாமல் எழுதியிருப்பீர்கள்? மார்க்கை வாங்கிக் கொடுத்ததில் நீங்கள் வாசித்ததை விட அந்த எழுத்துக்குத்தான் பெரிய பங்கு. அதை நீங்களாகச் செய்யவில்லை, டீச்சர் செய்ய வைத்தார். கல்லூரிக்கு வந்ததும் அந்த டீச்சர் போய்விட்டார். பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்துக்கு இரண்டு இன்டர்னல் தேர்வு, ஒரு மாடல் தேர்வு, அவ்வளவுதான். நீங்கள் வாசிப்பதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்பதை விட்டுவிட்டீர்கள்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரே தடவை வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் வாசித்த குழுவுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்த குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் உங்கள் கதைக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது நான்கு தடவை வாசித்த குழுதான்.

ராத்திரி ஒரு மணிக்குப் புத்தகத்தை மூடும்போது உங்களுக்கு வருகிற ‘எல்லாம் தெரிகிறது’ என்ற நினைப்பும் இதுதான். பக்கம் பழகிவிட்டது. எந்த சூத்திரம் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது, எது மஞ்சள் ஹைலைட்டர் பட்டது என்று கூடத் தெரியும். ஹாலில் அந்தப் பக்கம் இல்லை, வெள்ளைத் தாள்தான் இருக்கிறது. ஹைலைட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டன்லாஸ்கி என்பவரும் கூட்டாளிகளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் சலித்து 2013-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் பலன் குறைந்த பட்டியலில் போயின. உயர்ந்த பலன் என்று தேறியவை இரண்டே: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, படிப்பை நாள் இடைவெளி விட்டுப் பரப்பிக்கொள்வது. நம் பிள்ளைகளின் பையில் நாலு கலர் ஹைலைட்டர் இருக்கிறது, ரஃப் நோட்டு இருப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? எம்2விலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்குப் பழக்கமான இடம். 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் முதல் யூனிட் டெஸ்டிங் ஆஃப் ஹைபாதசிஸ், அதாவது ஒரு கூற்று சரியா என்று சாம்பிளை வைத்துச் சோதிப்பது. வகுப்பில் இசட் டெஸ்ட் நடத்தினால் வீட்டில் இசட் டெஸ்ட் கணக்கு, டி டெஸ்ட் நடத்தினால் டி டெஸ்ட் கணக்கு என்று போடுகிறீர்கள். எல்லாம் சரியாக வரும். ஏன் வராது? மேலே தலைப்பிலேயே எந்த டெஸ்ட் என்று எழுதியிருக்கிறதே. வினாத்தாளில் தலைப்பு இருக்காது. ‘ஓர் ஊரில் 400 பேரைக் கேட்டதில் 216 பேர் டீ குடிப்பவர்கள், மற்றவர்கள் காபி. அந்த ஊரில் டீயும் காபியும் சரிபாதி என்று சொல்லலாமா?’ என்று ஒரு கேள்வி. ‘ஆண், பெண் என்று பிரித்து எத்தனை பேர் டீ, எத்தனை பேர் காபி என்று பட்டியல் இருக்கிறது. குடிக்கும் பானத்துக்கும் பாலினத்துக்கும் தொடர்பு உண்டா?’ என்று இன்னொன்று. ‘பத்து டீக்கடைகளில் ஒரு டம்ளர் டீயின் அளவை அளந்தோம், சராசரி 90 மில்லி என்று கடைக்காரர்கள் சொல்வது சரியா?’ என்று மூன்றாவது. முதலாவது ஒற்றை விகிதத்துக்கான இசட் டெஸ்ட், இரண்டாவது கை ஸ்கொயர், மூன்றாவது டி டெஸ்ட். மூன்றிலும் டீதான் இருக்கிறது, டெஸ்ட் வேறு வேறு. ஹாலில் உங்களை நிறுத்துவது சூத்திரம் இல்லை, எந்தச் சூத்திரம் என்ற முடிவு. அந்த முடிவை எடுக்க நீங்கள் பழகவே இல்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பழைய வினாத்தாள்களிலிருந்து இந்த யூனிட் கேள்விகளை மட்டும் துண்டுத் தாள்களில் ஒன்றுக்கு ஒன்றாக எழுதுங்கள். பின்பக்கத்தில் டெஸ்டின் பெயர் மட்டும். கலைத்து ஒரு டப்பாவில் போடுங்கள். தினமும் காலேஜ் பஸ்ஸில் நாலைந்தை எடுத்து, கணக்கைப் போடாமல் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: இங்கே எதை அளந்திருக்கிறார்கள், சராசரியையா, விகிதத்தையா, வேரியன்ஸையா (சிதறலையா), வெறும் எண்ணிக்கையையா? ஒரு குழுவா, இரண்டா? சாம்பிள் 30-க்கு மேலா, கீழா? இதைச் சொல்லிவிட்டால் டெஸ்ட் தானாக வந்து நிற்கும். பிறகு தாளைத் திருப்பிப் பாருங்கள். ராத்திரி அதில் ஒன்றை மட்டும் எடுத்து முழுதாகப் போடுங்கள். அந்த 400 பேர் கணக்கையே பாருங்கள்: 216-ஐ 400-ஆல் வகுத்தால் 0.54, சரிபாதியிலிருந்து 0.04 விலகல், ஸ்டாண்டர்ட் எரர் 0.025, இசட் 1.6. ஐந்து சதவீத எல்லையான 1.96-க்கு உள்ளே இருப்பதால் சரிபாதி என்பதை மறுக்க முடியாது. நாலே வரி. வரி தெரியாமல் யாரும் ஃபெயில் ஆவதில்லை.

இப்படிக் கலந்து போடும்போது நிறைய தப்பு வரும், மனசு சோர்ந்து போகும். அங்கே கைவிட்டுவிடாதீர்கள். ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட சோதனையில், திண்ம உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கும் நான்கு வகைக் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகை வகையாகவும் இன்னொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகை வகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் குழு 20-க்கு விழுந்தது. கலந்து போட்டவர்கள் 63-ல் நின்றார்கள். பயிற்சியில் தப்பு வருவதைப் பார்த்து ‘எனக்கு மண்டையில் ஏறாது’ என்று முடிவு கட்டும் பிள்ளைகளுக்கு நான் இந்த நாலு எண்களைத்தான் போர்டில் எழுதிக் காட்டுவேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு முறையே முற்றிலும் புதிது என்றால், எடுத்த எடுப்பில் கலந்து போடாதீர்கள், புத்தகத்தை மூடியும் போடாதீர்கள். தீர்த்து வைத்த இரண்டு மூன்று கணக்குகளை முதலில் படிக்க வேண்டும். படிக்கிற விதம்தான் வேறு. ஒரு வெள்ளைத் தாளால் தீர்வை மூடி, ஒரு வரி மட்டும் தெரியும்படி இறக்குங்கள். அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று ஊகித்துவிட்டு இறக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் ‘ஏன்?’ கேளுங்கள். எம்1-ல் மேட்ரிக்ஸ் பகுதியில் ஐகன் வேல்யூ போட்டிருப்பீர்கள். ‘ஏ மைனஸ் லாம்டா ஐ’ என்பதன் டிடர்மினன்டைப் பூஜ்ஜியத்துக்குச் சமன் செய்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் பூஜ்ஜியம் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் அந்தச் சமன்பாட்டுக்கு பூஜ்ஜிய வெக்டர் ஒன்றுதான் விடை, நமக்கு வேண்டியது அதல்லாத வெக்டர். இந்த ஒரு ‘ஏன்’ தெரிந்தால், ஐகன் வெக்டர் கண்டுபிடிக்கும்போது கிடைக்கிற சமன்பாடுகளில் ஒன்றாவது மற்றவற்றிலிருந்தே வந்துவிடுவதைப் பார்த்துப் பயப்பட மாட்டீர்கள். அப்படித்தான் வர வேண்டும்.

பைத்தானுக்கு வருவோம். புரோகிராமை மனப்பாடம் செய்து எழுதுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் சந்தோஷம். இருபது புரோகிராமை உரு போட்டவர் இருபத்தொன்றாவதில் மாட்டுவார். இங்கே புத்தகத்தை மூடுவது என்றால், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் என்ன அச்சாகும் என்று தாளில் எழுதி வைப்பது. ஒரு லிஸ்ட் ஏ-யில் 1, 2, 3 இருக்கிறது. ‘பி ஈக்வல் டு ஏ’ என்று எழுதுகிறோம். பி-யில் 4-ஐ அப்பென்ட் செய்கிறோம், அதாவது கடைசியில் சேர்க்கிறோம். இப்போது ஏ-வை பிரின்ட் செய்தால்? பெரும்பாலானோர் 1, 2, 3 என்பார்கள். 1, 2, 3, 4 என்று வரும், ஏனென்றால் அங்கே லிஸ்ட் இரண்டு இல்லை, ஒரே லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர். தாளில் தப்பாக எழுதி, ஸ்கிரீனில் வேறாக வந்து, ஒரு நிமிடம் திகைத்தவர் இதை மறக்கவே மாட்டார். வெறுமனே ‘அலையசிங்’ டெஃபனிஷனை வாசித்தவர் இன்டர்னல் முடிந்ததும் மறந்துவிடுவார். லேப்டாப் இல்லையே என்று யோசிக்க வேண்டாம், போனிலேயே பைத்தான் ஓட்டும் செயலிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு புரோகிராம் போதும். அதில் ஒரு வரியை மாற்றி, என்ன ஆகும் என்று ஊகித்து, ஓட்டுங்கள்.

இப்போது நேரம். இன்டர்னலுக்கு முந்தைய ராத்திரி ஆறு மணி நேரம் உட்காருவதை விட, அதே ஆறு மணி நேரத்தை மூன்று வாரத்தில் பரப்பினால் அதிகம் நிற்கும். 1885-லேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே உரு போட்டு, மறப்பதை அளந்து பார்த்தார். திரும்ப உரு போடும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரத்திலேயே அந்த மிச்சம் பாதிக்குக் கீழே போய்விட்டது, ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு. பிறகு சரிவு மெதுவாகிறது, ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நின்றது. உங்கள் பாடம் அர்த்தமுள்ளது, அவ்வளவு வேகமாகப் போகாது. ஆனால் சரிவின் வடிவம் ஒன்றுதான்: முதல் நாளில்தான் அதிகம் ஒழுகுகிறது. அதனால் வகுப்பு நடந்த அன்று மாலையே, நோட்டைத் திறக்காமல், இன்று என்ன நடந்தது என்று பத்து நிமிடம் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடத்தை மட்டும் நோட்டில் பாருங்கள். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த ஞாயிறு ஒரு தடவை. இதற்கு டைம்டேபிள் சார்ட் வரைந்து, கலர் அடித்து, சுவரில் ஒட்ட வேண்டாம். நான் பார்த்த அழகான டைம்டேபிள்கள் எல்லாம் இரண்டாம் வாரத்தைத் தாண்டியதில்லை.

ஒரு மணி வரை முழித்திருக்கும் பழக்கத்தையும் விடுங்கள். காலேஜ் பஸ்ஸுக்கு ஆறரைக்கு நிற்கிற பிள்ளை ஒரு மணிக்குப் படுத்தால் முதல் இரண்டு ஹவர் வகுப்பு வீண். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் 1924-லேயே காட்டிவிட்டார்கள்: படித்துவிட்டுத் தூங்கினால் மறப்பது, அதே நேரம் விழித்திருந்து வேறு வேலை பார்த்தால் மறப்பதை விடக் குறைவு. தூக்கத்தைத் திருடிப் படித்தால் படித்ததையும் சேர்த்துத்தான் இழக்கிறீர்கள்.

கம்பைன்ட் ஸ்டடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டே ஸ்காலர் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் தனியாகவே படிக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். நம் நன்னூலில் பவணந்தி முனிவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில் ஒரு கணக்கு போடுகிறார். ஆசிரியர் சொன்னதை மாணவன் நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கும் அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர். வகுப்பில் ஒழுங்காகக் கவனித்தும் ஏன் வரவில்லை என்று குழம்பும் பிள்ளைகளுக்கு இதை விட நேரான விடை எனக்குத் தெரிந்து இல்லை: கவனித்தால் கால் பங்கு.

கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களின் பிற்பகுதியில் யூரி ட்ரீஸ்மன் என்ற கணித ஆசிரியரும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தார். கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் தோற்றார்கள், சீன அமெரிக்க மாணவர்கள் நிறையப் பேர் தேறினார்கள். வீட்டில் ஆதரவில்லை, அடிப்படை இல்லை, ஆர்வமில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அவர் மாணவர்களோடு கூடவே இருந்து எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். தோற்றவர்களிடம் உழைப்புக்கும் ஆர்வத்துக்கும் குறைவில்லை, ஆனால் தனியாகப் படித்தார்கள். தேறியவர்கள் முதலில் தனியாகப் போட்டுவிட்டு, மாலையில் சேர்ந்து உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டு, ஒருவரை ஒருவர் திருத்தினார்கள். அவர் ஆரம்பித்த பயிற்சிப் பட்டறையில் ‘வீக் ஸ்டூடன்ட்’ என்று முத்திரை குத்தி எளிய கணக்குக் கொடுக்கவில்லை. கடினமான கணக்கைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார், தேர்ச்சி ஏறியது. நம்மூரில் ‘ஸ்லோ லேர்னர்ஸ் கோச்சிங் கிளாஸ்’ என்று பெயர் வைத்து, அரியர் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்து, அதே டூ மார்க் கேள்விகளைத் திரும்ப எழுத வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

உங்களுக்கு மூன்று பேர் போதும். அரியர் உள்ளவர்தான் வேண்டும் என்றில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் மதிய இடைவேளையில் அரை மணி நேரம். தனியாகப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது விதி. வெறுங்கையோடு வந்தால் அது அரட்டையாகத்தான் முடியும். ஒருவர் தாளைப் பார்க்காமல் விளக்கட்டும், மற்ற இருவரும் ‘ஏன்?’ கேட்கட்டும்.

விளக்குவது தமிழிலேயே இருக்கட்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இங்கிலீஷில் யோசிக்க முயன்று பாதி சக்தியை அதிலேயே செலவழிக்கிறார்கள். யோசிக்கும் மொழி தமிழ், எழுதும் மொழி இங்கிலீஷ் என்று பிரித்துக்கொண்டால் போதும். கலைச்சொற்கள் எப்படியும் இங்கிலீஷில்தான் இருக்கின்றன, அவற்றை மொழிபெயர்க்க வேண்டாம். கேள்வியின் முதல் சொல்லைக் கவனியுங்கள். டிரைவ், கம்பேர், ஜஸ்டிஃபை, இலஸ்ட்ரேட் என்று திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் சொற்கள்தான். ‘கம்பேர்’ என்றால் பட்டியல் போட்டு வேறுபாடு எழுத வேண்டும், ‘ஜஸ்டிஃபை’ என்றால் காரணம் எழுத வேண்டும். கேட்டது ஒன்று, எழுதியது இன்னொன்று என்று மார்க் போவதை விடைத்தாள் திருத்தும்போது நிறையப் பார்க்கிறேன். டூ மார்க் டெஃபனிஷன்களை மட்டும் இங்கிலீஷிலேயே, பார்க்காமல், வாரம் ஒரு முறை எழுதிப் பாருங்கள். பள்ளியில் பழகிய மனப்பாடம் இங்கே மட்டும் கைகொடுக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி மனசு. ‘நாளையிலிருந்து ஒழுங்காகப் படிக்கப் போகிறேன்’ என்பதற்கும் ‘நாளை சாயங்காலம் பஸ் இறங்கி, முகம் கழுவி, டீ குடித்ததும், பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து இரண்டு டி டெஸ்ட் கணக்குப் போடுவேன்’ என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கோல்விட்சர், பிராண்ட்ஸ்டேட்டர் இருவரும் ஜெர்மனியில் மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சிறு அறிக்கை எழுதச் சொன்னார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப் போகிறேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சொன்ன கெடுவுக்குள் முடித்தார்கள். எழுதிக் கொடுக்காதவர்களில் முடித்தது மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு பக்கமும் ஆர்வம் ஒன்றுதான். நேரமும் இடமும் முன்பே முடிவாகிவிட்டால், அந்த நேரம் வரும்போது ‘இன்றைக்கு மூடு இருக்கிறதா’ என்று மனசைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. போனை அந்த அறைக்குள் கொண்டு போகாதீர்கள். பைத்தான் ஓட்டுவதைப் படிப்பின் கடைசியில் வைத்துக்கொண்டால் அதுவரை போன் அம்மாவிடம் இருக்கலாம்.

வீட்டைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அரியர் இருப்பதை வீட்டில் சொல்லிவிட்டீர்களா? உங்கள் கேள்வியில் அம்மா அப்பா கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறார்கள் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அவர்களிடம் பேசியதாக எங்கும் இல்லை. முதல் பட்டதாரிப் பிள்ளைகள் பெரும்பாலும் மறைக்கிறார்கள். மறைப்பதே ஒரு முழுநேர வேலை. புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து திறக்கிறது, அதைத் தாங்க முடியாமல் போனை எடுக்கிறீர்கள், இதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். சொல்லிவிடுங்கள். அரியர் என்றால் என்ன, அடுத்த முறை எழுதிப் பாஸ் செய்யலாம், டிகிரி போய்விடவில்லை என்று அவர்களுக்குப் புரியும்படி விளக்குங்கள். ஒரு திட்டும் இரண்டு நாள் மௌனமும் இருக்கலாம். அதன் பிறகு சாயங்காலம் பாத்திரம் கழுவுவதையோ தம்பியைப் பார்த்துக்கொள்வதையோ ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

இலக்கைச் சின்னதாக வையுங்கள். ‘இந்த செமஸ்டர் ஆல் கிளியர்’ என்பது நல்ல ஆசை, ஆனால் அதற்கு விடை தெரிய நாலு மாதம் ஆகும், அவ்வளவு நாள் மனசு தாக்குப்பிடிக்காது. ‘இந்த வாரம் பத்துத் துண்டுத் தாளில் எட்டுக்குச் சரியான டெஸ்ட் சொல்லிவிட்டேன், போன வாரம் ஐந்து’ என்பது இன்றே தெரிகிற விடை. இந்த செமஸ்டர் பாடங்களையும் விட்டுவிடாதீர்கள். 2021 ரெகுலேஷனில் தியரி பாடங்களுக்கு இன்டர்னலே 40 மார்க், மீதி 60தான் செமஸ்டர் தேர்வு. அரியரைப் பிடிக்கப் போய் நடப்புப் பாடத்தின் இன்டர்னலைக் கோட்டைவிட்டால் அரியர் எண்ணிக்கை அப்படியே நிற்கும். நடப்புப் பாடத்துக்கு அன்றன்றைய பத்து நிமிடம், அரியருக்கு நாளைக்கு ஒரு மணி நேரம், இந்த அளவில் பிரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னது படிப்பு முறை பிடிபடாமல் தவிக்கிறவருக்கு. பல வாரமாகத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது வேறு. டெக்னிக்கால் தீராது, சோம்பலும் இல்லை. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாட்டில் 104-ம் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அரியருக்காகவா கூப்பிடுவது என்று தயங்க வேண்டாம், பரீட்சை பயத்தோடு கூப்பிடுகிற பிள்ளைகளிடம் பேசுவதும் அவர்கள் வேலைதான்.

டியூஷன் கேட்டீர்களே. சேர்வதற்கு முன் ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். சார் போர்டில் வேகமாகப் போட, பிள்ளைகள் காப்பி எடுத்துக்கொண்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், அதை யூடியூபில் காசில்லாமலே பார்க்கலாம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணைய வகுப்புகளில் ஸ்டாடிஸ்டிக்ஸும் இருக்கிறது, பைத்தானும் இருக்கிறது. பிள்ளைகளைப் போட வைத்து, ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தைப் பார்த்துத் திருத்துகிற ஆள் கிடைத்தால் மட்டும் பணம் கொடுங்கள். அதற்கு முன்னால் உங்கள் காலேஜிலேயே எம்2 நடத்துபவரிடம் ஒரு தடவை போங்கள். ‘சார், எம்2 ஒண்ணுமே புரியலை’ என்று போனால் அவரால் ‘நல்லா படிம்மா’ என்றுதான் சொல்ல முடியும். நீங்கள் போட்டுப் பார்த்த தாளை நீட்டி, ‘டிஃபரன்ஸ் ஆஃப் மீன்ஸ்னு கண்டுபிடிச்சுட்டேன் சார், இதுல டிகிரி ஆஃப் ஃப்ரீடம் எப்படி எடுக்கறதுன்னு தெரியலை, இந்த வரியில நிக்கிறேன்’ என்று கேளுங்கள். உட்காரச் சொல்லி, பேனாவை எடுக்காத வாத்தியாரை நான் இதுவரை பார்த்ததில்லை.